பத்திரிகையோடு வந்த தகடு

1996-ஆம் ஆண்டில் 'பி.சி. குவெஸ்ட்' என்னும் ஆங்கில மாதப் பத்திரிகை தன் இதழோடு ஒரு குறுந்தகட்டையும் சேர்த்து வாசகர்களுக்கு வழங்கிற்று. அத்தகட்டில் இருந்தது 'ஸ்லாக்வேர்' என்னும் லினக்ஸ் தொகுப்பு. நம் நாட்டுச் சாதாரணக் குடும்பங்களின் வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்த கதையைச் சொல்லப் புகுவோர் அந்தத் தகட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெங்களூரில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ் என்பார் அப்பத்திரிகையின் ஆலோசக ஆசிரியராக இருந்து இம்முயற்சியை முன்னின்று நடத்தினார். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமானார். இன்றைய இளைஞருள் பலர் அவர் பெயரை அறியார். அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

லினக்ஸ் என்பது யாது என்று கேட்கும் வாசகர்களுக்காக ஒரு சொல். கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்து, நாம் இடும் வேலையைச் செய்யவைக்கும் அடிப்படை ஏற்பாட்டை இயங்குதளம் என்பர். பெரும்பாலோர் அறிந்த 'விண்டோஸ்' அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டில் அதனை, அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்; கொடுக்கும்போது அதன் மூல நிரலையும் மறைக்காமல் கொடுக்க வேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம். பின்னால் நான் சொல்லப்போகும் செய்திகள் பலவும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே பிறந்தவை என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இவ்வளவு தாராளமான ஒரு பொருளைப் பெறுவதற்குப் பத்திரிகை எதற்கு, இணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணைய வசதியை விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கி வைத்தது. தனி மனிதருக்குக் கட்டணம் 250 மணி நேரத்துக்கு ரூ. 5,000, வேகம் விநாடிக்கு 9,600 பிட். ஒரு குறுந்தகட்டின் கொள்ளளவோ 650 மெகாபைட். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைபேசித் தொடர்பு ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தாலும், அத்தகட்டில் உள்ள சரக்கை இறக்க 150 மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு நாளும் ஆறு மணியும் ஓயாமல் ஓட வேண்டும். ஓராண்டுக்கென்று வாங்கிய நேரத்தில் ஐந்தில் மூன்று பங்கு அதற்கே போய்விடும். ரூபாயாகச் சொன்னால் மூவாயிரம். தொலைபேசிக் கட்டணம் தனி. அந்த ஆறு நாளும் ஊரிலிருந்து அம்மா பேச முயன்றால் 'எங்கேஜ்டு' என்ற ஒலிதான் கேட்கும். எந்த வீட்டில் இதற்குச் சம்மதிப்பார்கள்?

தபால்காரரோ, பத்திரிகைக் கடைக்காரரோ அந்த 150 மணி நேரச் சரக்கை ஒரு நொடியில் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகை என்ற சாதனத்தின் வலிமையை நான் கண்கூடாகக் கண்ட சந்தர்ப்பங்களில் இது ஒன்று. செய்தியைப் பற்றி எழுதுவது பத்திரிகையின் வழக்கமான தொழில். இங்கே அது எழுதப்பட்ட பொருளையே வாசகரின் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. அதைப் பற்றி எழுதுவோர் குறைவு. தொண்ணூறுகளில் நம்மவர் வீடுகளுக்கு வந்த கம்ப்யூட்டர்களிற் பெரும்பாலானவை, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி ஒரு கடைக்காரர் பூட்டிக் கொடுத்தவை. அவற்றில் விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். அவற்றுக்கு உரிய விலை யாருக்கும் போய்ச் சேர்ந்திராது. டில்லியின் நேரு பிளேஸ் நடைபாதையில் பல்லாயிரம் ரூபாய் பெறுமான மென்பொருள்கள், காய்கறி விலைக்குக் கூவி விற்கப்பட்டன. மும்பையின் லாமிங்டன் சாலையிலும் இதே வியாபாரந்தான். பஸ்ஸில் ஒரு நிறுத்தத்துக்குக்கூடச் சீட்டு வாங்காமல் செல்லாத மனிதர்கள், அலுவலகத்துப் பென்சிலை வீட்டுக்கு எடுத்து வராத மனிதர்கள், இதில் மட்டும் ஒரு குற்றமும் காணவில்லை. அவர்களைப் பழிப்பதற்கில்லை. விற்றவர் சொல்லவில்லை; வாங்கியவர் கேட்கவில்லை; விலையைக் கேட்டிருந்தால் வாங்கியே இருக்க முடியாது.

அந்நிலையில் பத்திரிகையோடு வந்த லினக்ஸ் தகடு, பல வீடுகளில் முறையான அனுமதியோடு நுழைந்த முதல் மென்பொருள் என்று சொன்னால் மிகையாகாது. அதனைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம். அவன் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தரலாம். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் ஒரே தகடு நான்கு மாடிப்படிகளிலும் ஏறி இறங்கி, கீறல் விழுந்து, ஐந்தாம் மாதம் சொந்தக்காரரிடம் திரும்பி வந்த கதையை நண்பர் ஒருவர் இன்றும் பெருமையாகச் சொல்வார். இரவல் போன நாவல்கள் அவருக்கு அப்படித் திரும்பி வந்ததில்லையாம்.

தகடு வந்துவிட்டது, அதனை ஏற்றுவது இலேசான காரியம் அன்று. இவ்விடத்தில்தான் பத்திரிகையின் தாள்கள் தம் மதிப்பைக் காட்டின. முதலில் இரண்டு பிளாப்பித் தட்டுகள் தயார் செய்ய வேண்டும். ஏனெனில் பல கம்ப்யூட்டர்கள் குறுந்தகட்டிலிருந்து நேராகத் துவங்க மாட்டா. அடுத்து, ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் முழு வீட்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். 'பிப்ஸ்' என்னும் சிறு நிரலைக் கொண்டு சுவர் எழுப்பி, ஒரு பகுதியை லினக்ஸுக்கு ஒதுக்க வேண்டும். சுவர் தவறான இடத்தில் எழும்பினால், அப்பாவின் வருமான வரிக் கணக்கும் அக்காவின் கல்லூரிக் கட்டுரையும் போய்விடும். எச்சரிக்கைகளைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆயினும் தடித்த எழுத்தைப் பொறுமையோடு படிக்கும் வயதா பதினாறு?

எல்லாவற்றிலும் அச்சம் தந்தது மானிட்டர் பற்றிய கேள்விதான். கணினித் திரையில் படங்களோடு கூடிய தோற்றம் வேண்டுமானால், உங்கள் மானிட்டரின் கிடைமட்ட அலைவரிசை எவ்வளவு, செங்குத்து அலைவரிசை எவ்வளவு என்று லினக்ஸ் கேட்கும். சாதாரண வி.ஜி.ஏ. மானிட்டர் என்றால் கிடைமட்டம் 31.5 கிலோஹெர்ட்ஸ். அதற்கு மேற்பட்ட எண்ணைத் துணிந்து கொடுத்தால், பழைய மானிட்டர் பழுதாகிவிடவும் கூடும் என்று எச்சரித்திருந்தார்கள். மூன்று மாதச் சேமிப்பில் வாங்கிய மானிட்டர்! அதன் கையேட்டைத் தேடி, பரண்மேல் இருந்த அட்டைப் பெட்டியை இறக்கி, தெர்மோகோலுக்கு அடியிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்து, எண்ணைக் கண்டுபிடித்தவர் பலர். தாள் கிடைக்காதவர்கள், முன்னரே வெற்றி கண்ட வாசகர்கள் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் தம் மானிட்டரின் பெயர் வருகிறதா என்று மாதந்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துவக்கும் நிரலுக்கு 'லிலோ' என்று பெயர். அது சரியாக வேலை செய்தால் தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் திரையில் காட்டும். பாதி வழியில் இடறினால் இரண்டு எழுத்தோடு நின்றுவிடும். எத்தனை எழுத்தில் நின்றது என்பதைக் கொண்டே எங்கே கோளாறு என்று அறியலாம். திக்குவாய்க்காரன் எந்தச் சொல்லில் தடுமாறுகிறான் என்று பார்த்து மனத்தை அறிவதுபோல. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த தகப்பனார், கறுப்புத் திரையில் இரண்டே எழுத்து நிற்பதையும் அருகில் மகன் வியர்த்து நிற்பதையும் கண்ட காட்சி எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கும்.

இணையத்தோடு சேர்வதில் வேறொரு தொல்லை. கடைகளில் மலிவாகக் கிடைத்த உள்ளமைந்த மோடம்கள் பல, தம் வேலையிற் பாதியை விண்டோஸ் நிரலிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கும் சோம்பேறிகள். லினக்ஸில் அவை ஊமையாகிவிட்டன. வெளியே வைக்கும் மோடமே வேண்டும். அதற்கு விலை அதிகம். அந்த அதிக விலையைக் கேட்டு வாங்குவதற்கு முன், அம்மாவிடம் எத்தனை நாள் தூது சென்றிருக்க வேண்டும்!

மின்சாரமும் தன் பங்குக்குச் சோதித்தது. டில்லியில் மே, ஜூன் மாதங்களில் மின்வெட்டு வராத மாலை ஏது? அக்காலத்து லினக்ஸ் கோப்புகளை அடுக்கி வைத்த முறைக்கு 'எக்ஸ்ட் 2' என்று பெயர். திடீரென்று மின்சாரம் நின்று மீண்டால், அடுக்கியவை அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே அது கதவைத் திறக்கும். ஹார்டு டிஸ்க் பெரிதானால் அதற்குப் பல நிமிஷம் ஆகும். சரிபார்ப்பு முடியுமுன் மறுபடியும் மின்சாரம் போகும். 2001-ஆம் ஆண்டு இறுதியில் 'எக்ஸ்ட் 3' என்னும் முறை லினக்ஸின் மையத்தில் சேர்ந்தபின் இத்தொல்லை பெரிதும் நீங்கிற்று. செய்யப்போவதை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுப் பிறகு செய்வது அதன் வழக்கம். ஆகவே பாதியில் நின்ற வேலை எது என்று உடனே தெரிந்துவிடும். நம் மளிகைக் கடைக்காரர்கள் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது போன்றதுதான். இது பெரிய விஞ்ஞானக் கண்டுபிடிப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். மின்வெட்டில் வாழ்ந்தவர்களைக் கேளுங்கள்.

இத்தனை படிகளையும் தாண்டி 'ஸ்டார்ட் எக்ஸ்' என்று தட்டினால், திரை ஒரு கணம் இருண்டு, பிறகு சாம்பல் நிறத்தில் புள்ளிபுள்ளியாய் ஒரு வெளி தோன்றும். நடுவில் பெருக்கற்குறி போல ஒரு சுட்டி. அதைக் கண்டவர்கள் அடைந்த மகிழ்ச்சி, பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கு விளங்கியிராது. இந்தச் சாம்பலுக்காகவா இரண்டு வாரம் தூங்காமல் இருந்தாய் என்றுதான் கேட்டிருப்பார்கள். 'எக்ஸ் ஐஸ்' என்று ஒரு சிறு வேடிக்கை நிரல் இருந்தது. திரையில் இரண்டு கண்கள் தோன்றி, சுட்டி போகும் பக்கமெல்லாம் பார்வையைத் திருப்பும். ஊரிலிருந்து வந்திருந்த பாட்டிமாருக்கும் விளங்கிய லினக்ஸ் அது ஒன்றுதான். இன்னொரு வியப்பு, ஒரே திரையில் நான்கு மேஜைகள். ஒரு மேஜையில் கடிதம், ஒரு மேஜையில் விளையாட்டு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவலாம். இரண்டு அறைக் குடியிருப்பில் ஐந்து பேராய் வாழ்ந்தவர்களுக்கு நான்கு மேஜை என்பது சிறிய வரம் அன்று.

திரையின் தோற்றம் அழகுபெறத் தொடங்கியது அதன் பின்னர்தான். 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்னும் ஜெர்மானிய மாணவர், சாதாரண மனிதர் பழகக்கூடிய மேஜைத் தோற்றம் ஒன்றை லினக்ஸ் போன்றவற்றுக்கு உருவாக்குவோம் என்று அழைப்பு விடுத்தார். 'கே.டி.இ.' எனப்பட்ட அதன் முதற் பதிப்பு 1998 ஜூலையில் வந்தது. அது சார்ந்திருந்த 'கியூ.டி.' என்னும் நிரல் தொகுப்பின் உரிமம் போதிய சுதந்திரம் உடையதன்று என்று கருதியவர்கள், மெக்ஸிகோ நாட்டு மிகேல் தெ இகாஸா முதலியோர், 1997-ஆம் ஆண்டில் 'க்னோம்' என்னும் மற்றொன்றைத் தொடங்கினார்கள். அதன் முதற் பதிப்பு 1999 மார்ச்சில் வந்தது. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் கட்சி கட்டி வாதாடினார்கள். அந்த வாதங்களை இங்கே விரிக்க வேண்டியதில்லை. சங்கத் தேர்தல்களைக் கண்ட நமக்கு அதன் சுவை தெரியும்.

வீட்டு வாழ்க்கைக்கு நெருங்கிய ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். அக்காலத்து விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் யார் உட்கார்ந்தாலும் எல்லாருடைய கோப்பும் எல்லாருக்கும் தெரியும். லினக்ஸோ முதலிலேயே 'நீ யார்?' என்று கேட்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், தனக்கென ஓர் இல்லம். அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹோம்' என்றே பெயர். வீடு முழுவதற்கும் அதிகாரம் படைத்தவருக்கு 'ரூட்', அதாவது வேர், என்று பெயர். பல குடும்பங்களில் நடந்த வேடிக்கை என்னவென்றால், வேராக இருந்தவர் குடும்பத் தலைவர் அல்லர். பதினாறு வயதுப் பையனோ பெண்ணோதான். தகப்பனார் தம் கடவுச்சொல்லை மறந்தால் மகளிடம் போய்க் கேட்க வேண்டும். தனி அறை என்பதைக் கனவிலும் காணாத பிள்ளைகளுக்கு, பிறர் திறக்க முடியாத ஓர் இடம் முதன்முதலாகக் கிடைத்தது அங்கேதான். அதில் அவர்கள் வைத்தது பெரும்பாலும் பாதி எழுதிய கவிதையும் விளையாட்டு மதிப்பெண்ணும்தான் என்று பின்னாளில் தெரிந்துகொண்ட பெற்றோர்கள் உண்டு.

இனித் தமிழுக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் தமிழ் வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், ஊரைவிட்டு வந்தவர்களின் கைத்தடம் எங்கும் தெரிகிறது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு', 'அஞ்சல்' ஆகியவற்றை உருவாக்கினார். சுவிட்ஸர்லாந்தில் வாழும் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை அமைத்து இலவசமாக வழங்கினார். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்னும் மின்னூல் பணியிலும் அவரே முன்னின்றார். ஆளுக்கொரு எழுத்துரு என்று இருந்ததால், ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் குப்பையாகத் தெரிந்த காலம் அது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர்கள் கடிதம் வழியாகவே கூடிப் பேசி, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தார்கள். தமிழ்நாட்டு அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி, விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தன் நியமங்களை அறிவித்தது.

இவையெல்லாம் எழுதுவதற்கான வசதி. கம்ப்யூட்டரின் திரையே தமிழில் பேச வேண்டுமானால், அதன் பட்டியல்களிலும் பொத்தான்களிலும் உள்ள சொற்களை மாற்ற வேண்டும். வேறு மென்பொருளாயின் அந்த முடிவு அதை விற்கும் கம்பெனியுடையது. லினக்ஸில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. மூல நிரல் கையில் இருந்தது, மாற்றும் உரிமையும் இருந்தது. வேலை முடித்து வீடு திரும்பிய தமிழர்கள் சிலர், இந்தியாவிலும் இலங்கையிலும் மேல்நாடுகளிலும் இருந்துகொண்டு, இரவு நேரங்களில் ஆயிரக்கணக்கான சொற்றொடர்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார்கள். 2002-ஆம் ஆண்டு முதல் வந்த கே.டி.இ. மூன்றாம் பதிப்புகளின் காலத்தில், தமிழையும் ஒரு மொழியாகத் தேர்ந்தெடுக்க முடிந்தது. கியூ.டி. தொகுப்பில் திஸ்கியைப் புரிந்துகொள்ளும் பகுதியை எழுதிக் கொடுத்தவர் ஹன்ஸ் பெட்டர் பீக்கர் என்பவர். பெயரே சொல்லும், தமிழரல்லர் என்று. 'கொ' என்ற எழுத்தில் ஒரு குறி மெய்க்கு முன்னும் ஒரு குறி பின்னும் வரும் நம் எழுத்து முறையைக் கம்ப்யூட்டருக்கு விளங்கவைப்பது எளிதன்று. க்னோம் பக்கத்தில் அந்த வேலையை ஏற்ற பகுதிக்குப் 'பாங்கோ' என்று பெயரிட்டார்கள். 'பான்' என்பது கிரேக்கத்தில் 'எல்லாம்'. 'கோ' என்பது ஜப்பானியத்தில் 'மொழி'. 2002 ஜூனில் வந்த க்னோம் இரண்டாம் பதிப்பு அதனைக் கொண்டிருந்தது. விண்டோஸிலும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடைத்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஆனால் அங்கே நாம் விருந்தினர். இங்கே சமையற்கட்டு வரைக்கும் போகலாம்.

அந்த மொழிபெயர்ப்புகளைக் கண்டு சிரித்தவர்களும் உண்டு. 'பைல்' என்பதற்குக் 'கோப்பு', 'எடிட்' என்பதற்குத் 'தொகு', 'விண்டோ' என்பதற்குச் 'சாளரம்'. ஜன்னல் என்று சொன்னால் ஆகாதா என்று கேட்டார்கள். என் அபிப்பிராயத்தில் சாளரம் நல்ல தேர்வு. ஜன்னல் காற்றுக்கு, சாளரம் கம்ப்யூட்டருக்கு என்று இரண்டும் பிழைத்துக்கொண்டன. 'தொகு' என்பதை மட்டும் என்னால் இன்றளவும் முழுமனத்தோடு ஏற்க முடியவில்லை. ஒன்றைத் திருத்துவதும் பலவற்றைத் தொகுப்பதும் வேறல்லவா? 'கடவுச்சொல்' மிக அழகு. கடவுச்சீட்டில் உள்ள அதே கடவு. வழி என்பது பொருள். எல்லை கடந்து வந்தவர்கள் வீட்டில் அச்சொல் இயல்பாகப் பொருந்தியது.

டில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் பாடமாக உண்டு. மற்றப் பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தமிழ் எழுத்தைக் காண வீட்டில் இரண்டு மூன்று இடங்களே இருந்தன: பஞ்சாங்கக் காலண்டர், ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, நம் சங்கத்து இதழ். இவற்றுள் எதையும் அவர்கள் தாமாக எடுத்துப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. திரையிலே 'சேமி' என்றும் 'வெளியேறு' என்றும் இருந்தால் படித்தே ஆக வேண்டும். படிக்காமல் அமுக்கினால் எழுதியது போய்விடும். தம் மகன் முதன்முதலில் தானாகக் கூட்டிப் படித்த தமிழ்ச்சொல் 'ரத்து' என்பதுதான் என்று ஓர் அம்மையார் என்னிடம் கூறினார். பாடப்புத்தகத்தில் அம்மா, ஆடு என்று தொடங்குவார்கள்; அவனுக்கு ரத்து. இருக்கட்டுமே.

பத்திரிகைகளின் பிற்காலத்தையும் சொல்லிவிடுகிறேன். பி.சி. குவெஸ்ட் தொடர்ந்து பல ஆண்டுகள், ரெட் ஹாட், பெடோரா ஆகியவற்றைத் தழுவித் தானே அமைத்த தொகுப்புகளை வழங்கியது. 2003-ஆம் ஆண்டில் டில்லியிலிருந்து 'லினக்ஸ் பார் யூ' என்று லினக்ஸுக்காகவே ஒரு மாத இதழ் புறப்பட்டது. 2012-இல் அதன் பெயர் 'ஓப்பன் சோர்ஸ் பார் யூ' என்று மாறியது. அதே 2012 ஜனவரியில், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே பேசும் 'கணியம்' மின்னிதழ் தோன்றியது. இதற்கிடையில் இணைய வேகம் பெருகிற்று; தகடு தேவையற்றதாயிற்று. உபுண்டு என்னும் லினக்ஸ் தொகுப்பைக் கேட்டவர்க்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பிவந்த ஏற்பாடுகூட 2011-இல் நின்றது.

நம் சங்க நூலகத்தின் மேல்தட்டில் இப்பத்திரிகைகள் மூன்று அலமாரி நிறைய இருக்கின்றன. பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியவர்களும், பிள்ளைகளோடு வெளிநாடு சென்றவர்களும் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்துச் சென்றவை. சென்ற மாதம் நூலகக் குழுவில், இவற்றைக் கபாடிக்காரரிடம் போட்டுவிட்டு அவ்விடத்தில் போட்டித் தேர்வு நூல்களை வைக்கலாம் என்ற யோசனை வந்தது. யோசனை கூறியவர்கள் இடநெருக்கடியை அறிந்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆயினும் தாளும் தகடும் ஒன்றையொன்று பிரிந்தால் இரண்டும் பயனற்றுப்போகும் என்பதை மட்டும் எடுத்துரைத்தேன். தகட்டில் உள்ளதை எப்படி ஏற்றுவது என்பது தாளில்தான் இருக்கிறது. தாளில் கூறியது எதைப் பற்றி என்பது தகட்டில்தான் இருக்கிறது. குழுவினர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

லினக்ஸ் தொகுப்பைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பதற்கு நமக்குத் தடை ஒன்றுமில்லை. உரிமமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே தகட்டில் வேறு கம்பெனிகளின் மாதிரி மென்பொருள்களும் கலந்திருக்கக்கூடும். அவற்றைப் பிரித்து வைக்க வேண்டும். இப்பழைய தொகுப்புகளை ஓட்டுவதற்குப் பழைய கம்ப்யூட்டரும் வேண்டியதில்லை. 'க்யூ எமு' என்னும் கட்டற்ற நிரல் இன்றைய கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கற்பனையாக அமைத்துக் கொடுக்கிறது. அதில் எந்த அலைவரிசையைக் கொடுத்தாலும் மானிட்டர் எரியாது.

தகடுகளை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பளபளக்கும் அடிப்பக்கத்தில் விழும் கீறலைவிட, எழுத்து அச்சிட்ட மேற்பக்கத்தில் விழும் கீறலே ஆபத்தானது. செய்தியைத் தாங்கும் உலோகப் படலம் அந்தப் பக்கத்தில்தான், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே அதன்மேல் பெயர்ச்சீட்டு ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் உரிக்க முயலாதீர்கள். தூசி துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்து ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால், அத்தகட்டை முதலில் கொண்டு வாருங்கள். அதற்கு நாள் அதிகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 10 மணி முதல் நூலகத்தில் தகடு படிக்கும் கருவியோடு இளைஞர் இருவர் இருப்பார்கள். இதழ் இல்லாத தகடும், தகடு இல்லாத இதழும் இரண்டுமே வேண்டும். 1998-க்கு முந்தியவை நம்மிடம் ஒன்றுகூட இல்லை.